காட்டில் என்ன படிப்பு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். உங்கள் எழுத்தை என் மகள்தான் எனக்குக் காட்டினாள். இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வில் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பி.எஸ்சி. வனவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவள் தரையில் கால் பாவாமல் திரிகிறாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

என் மைத்துனர், "ஃபாரஸ்டர் வேலைக்கு எதுக்கு மாமா நாலு வருஷம் காலேஜ்? அதுவும் பொம்பளப் பிள்ளையை யானை திரியற எடத்துல கொண்டுபோய் விடறேங்கறீங்க" என்கிறார். அந்தக் கல்லூரி மாணவர்களின் சாதனை என்று மகள் எனக்கு ஒரு பட்டியலைப் படித்துக் காட்டினாள். தங்கப் பதக்கம், அகில இந்திய ரேங்க், இந்திய வனப்பணியில் தேர்ச்சி என்று போகிறது. சந்தோஷம்தான். ஆனால் பட்டியலில் வராத பிள்ளைகள் என்ன ஆகிறார்கள்? அங்கே நாலு வருஷம் என்னதான் செய்கிறார்கள்? நீங்கள் மேட்டுப்பாளையத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.

எஸ்.
ஒட்டன்சத்திரம்

*

அன்புள்ள எஸ்.,

நான் அந்தக் கல்லூரியில் படித்தவனில்லை. மேட்டுப்பாளையத்தில் இருந்தபோது நண்பர் ஒருவரின் மகன் அங்கே சேர்ந்தான். அவனுடைய ஊர் டெல்டா பக்கம். நான்தான் உள்ளூர் கார்டியன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்துவிடுவான். ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் வழியாகவும், அவனோடு வந்து எங்கள் வீட்டு ரசத்தைக் காலி செய்த பையன்கள், பெண்கள் வழியாகவும் தெரிந்தது.

முதல் செமஸ்டரில் ஒருநாள் ஒரு பையில் இலையும் பூவுமாகக் கொண்டுவந்து கொட்டினான். ஆவாரை, வெட்பாலை, உசிலை, இன்னும் எனக்குப் பெயர் தெரியாதவை. ஹெர்பேரியம் செய்ய வேண்டுமாம். செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, செய்தித்தாள்களுக்கு நடுவே விரித்து வைத்து, மேலே பாரம் ஏற்றி, ஈரம் போக உலர்த்தி, அட்டையில் ஒட்டி, பறித்த இடம், தேதி, தாவரவியல் பெயர் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். விடுதியில் எல்லாரும் மெத்தைக்கு அடியில் வைத்து அதன்மேல் படுத்துக்கொள்வார்கள் என்றான். இவனுக்கு எங்கள் வீட்டு அம்மிக்கல் கண்ணில் பட்டுவிட்டது. மூன்று வாரம் எங்கள் வீட்டில் சட்னி மிக்ஸியில்தான். பேப்பரைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்று ராத்திரி போன் செய்வான். "அத்தை, பேப்பர் மாத்திட்டீங்களா?" என் மனைவி அதற்குள் நாலைந்து லத்தீன் பெயர்களைப் பாடம் செய்துவிட்டாள். டெக்டோனா கிராண்டிஸ் என்றால் தேக்கு. "நம்ம தேக்குதான் அங்கே போய் டெக்டோனா ஆச்சுன்னு எங்க சார் சொன்னாரு" என்று பையன் சொன்னதிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர்மேல் தனிப் பிரியம்.

அவன் மரத்தை அளப்பதையும் பார்த்திருக்கிறேன். மரத்தின் சுற்றளவை அடியில் அளக்கக்கூடாது. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். மார்பளவு உயரம் என்பார்கள். பழைய நாலரை அடிக் கணக்கு. சரிவில் நிற்கிற மரமென்றால் மேட்டுப் பக்கம் நின்றுதான் அளக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் உயரம் பார்க்கக் குச்சியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? அதனால் ஒவ்வொருவரும் 1.37 தன் சட்டையில் எங்கே வருகிறது என்று குறித்துக்கொள்வார்களாம். இவனுக்கு இரண்டாவது பட்டன். கூடப் படித்த பெண் ஒருத்திக்கு அது தாடைக்குக் கொஞ்சம் கீழே. உங்கள் மகளுக்கு எங்கே வருகிறதென்று முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

உங்கள் மைத்துனர் கேட்டதற்கு வருகிறேன். அவர் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. வனத்துறை தன் ஆட்களைத் தானே பயிற்றுவித்துக்கொள்வது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். டேராடூனில் 1878-இல் வனப் பள்ளி தொடங்கினார்கள். கோவையில் ரேஞ்சர்களுக்கென்று, அதாவது வனச்சரகர்களுக்கென்று, 1912-இல் ஒரு கல்லூரி வந்தது. அங்கே போகிறவர் ஏற்கெனவே வேலைக்குத் தேர்வானவர். மேட்டுப்பாளையம் அந்த வழியில் வந்ததில்லை. 1976-இல் தேசிய வேளாண் ஆணையம், காட்டுக்கு வெளியேயும் மரம் வளர்க்க வேண்டும், அதற்குப் படித்தவர்கள் வேண்டும், வேளாண் பல்கலைக்கழகங்களில் வனவியலைச் சொல்லித்தர வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அதன் பிறகு, 1980-களின் நடுவில் நாட்டின் பல வேளாண் பல்கலைக்கழகங்களில் இந்தப் பட்டப்படிப்பு தொடங்கியது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் உறுப்புதான். இந்தப் பட்டம் வாங்கினால் காக்கிச் சட்டை கையோடு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வராது.

இந்திய வனப்பணித் தேர்வை இயற்பியல் படித்தவரும் எழுதலாம், இன்ஜினியரிங் படித்தவரும் எழுதலாம். 2013-இலிருந்து முதல்நிலைத் தேர்வே ஐ.ஏ.எஸ். எழுதுகிறவர்களோடு சேர்ந்துதான். வனவியல் ஒரு விருப்பப் பாடமாக இருப்பதால் உங்கள் மகளுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். அவ்வளவுதான். அதை எழுதித் தேறுகிறவர்கள் சிலர். பட்டியலில் முதலில் இருப்பவர்கள் அவர்கள்.

மீதிப் பேர்? இங்கேதான் 1988 தேசிய வனக் கொள்கையைச் சொல்ல வேண்டும். மரம் வேண்டிய தொழிற்சாலைகள் காட்டை எதிர்பார்க்காமல் விவசாயிகளிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அந்தக் கொள்கை சொன்னது. காகித ஆலைக்குச் சவுக்கும் தைலமரமும் வேண்டும். ஒட்டுப்பலகைக்கும் தீக்குச்சிக்கும் மலைவேம்பு போன்ற மரங்கள் வேண்டும். விவசாயி சும்மா மரத்தை நட்டுவிட மாட்டார். நல்ல கன்று யார் தருவது, எத்தனை அடி இடைவெளி, எந்த வருஷம் வெட்டுவது, என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று கேட்பார். நீங்கள் மண்டிக்காரர், உங்களுக்குத் தெரியாததா? அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆலைக்கு ஆள் வேண்டும். புகளூர், பள்ளிபாளையம் மாதிரி காகித ஆலைகளுக்காகத் தோட்டங்களைச் சுற்றி வருகிறவர்கள், நாற்றுப்பண்ணை நடத்துகிறவர்கள், தொண்டு நிறுவனங்களில் இருப்பவர்கள், இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி மேலே படிக்கப் போகிறவர்கள் என்று பலவிதம். வங்கிக்குப் போகிறவர்களும் உண்டு. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு வனவியல் பட்டமும் செல்லும்.

அப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் புதுப்பிக்க உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மின்வாரிய ஆட்கள் ஒரு மரத்தின் கிளையைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்த அலுவலர் எழுந்து போய், தண்டோடு ஒட்ட வெட்டாதீர்கள், காயம் ஆறாது, கிளையின் அடிக்கழுத்தை விட்டு வெட்டுங்கள் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார். என் டோக்கன் எண் கடந்து போயிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை.

சரி, இப்போது பட்டியல். பதக்கத்தையும் ரேங்க்கையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. படித்து வாங்கினவை அவை. ஆனால் நான் பக்கத்திலிருந்து பார்த்த சாதனை ஒன்று எந்தப் பட்டியலிலும் வராது.

அந்தப் பையன் கடைசி வருஷம் செய்முறை ஆய்வுக்குச் சந்தனக் கன்று எடுத்துக்கொண்டான். சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலையில் பச்சையம் உண்டு, தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீருக்கும் சத்துக்கும் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பதித்துக்கொள்ளும். தனியாக விட்டால் தேறாது. அதனால் நாற்றங்காலில் ஒவ்வொரு பையிலும் துவரையைத் துணைக்கு வைப்பார்கள். இவனும் வைத்தான். துவரை ஜம்மென்று வளர்ந்தது. செமஸ்டர் தேர்வு, அப்புறம் விடுதியில் யாருக்கோ அம்மை, அப்படி இப்படி என்று பத்துப் பதினைந்து நாள் நாற்றங்கால் பக்கம் போகவில்லை. திரும்பிப் போனபோது துவரை காடாக மண்டிக் கிடந்தது. நிழலில் சந்தனக் கன்றுகள் வெளுத்துப்போய், பாதி செத்திருந்தன. துவரையை அவ்வப்போது கழித்துவிட வேண்டும் என்று அவனுக்குப் பாடத்தில் சொல்லியிருக்கிறார்கள். தேர்விலும் எழுதியிருக்கிறான். மார்க்கும் வாங்கியிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கூட வந்த நண்பன் ஒரு யோசனை சொன்னான். செத்ததை விட்டுவிட்டுப் பிழைத்ததை மட்டும் கணக்கில் எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது? நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த யோசனை எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினான். எத்தனை கன்று வைத்தான், எத்தனை போயின, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை துவரையைக் கழிக்கவில்லை, எல்லாம் எழுதியிருந்தான். துவரையைக் கழித்த பிறகு மீதிக் கன்றுகள் ஏன் பிழைத்தன என்று அதையே ஆய்வாக மாற்றியிருந்தான். சுமாரான மார்க்தான் வந்தது. இப்போது அவன் ஒரு நாற்றுப்பண்ணையில் பொறுப்பில் இருக்கிறான். சந்தனம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் துவரையைப் பற்றித்தான் பேசுகிறான்.

உங்கள் மகள் சந்தனத்துக்குப் பதில் பட்டுப்புழுவோ வேறெதுவோ எடுக்கலாம். பட்டுப்புழு வளர்ப்புக்கான பட்டப்படிப்பும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். புழு நாலு முறை தோல் உரிக்கும். அது கூடு கட்டுகிற வரை இருபத்தைந்து நாள் வேளாவேளைக்கு மல்பெரி இலை போட வேண்டும். தீபாவளி என்றால் புழு காத்திருக்குமா?

பெண் பிள்ளை, யானை என்று இரண்டு பயத்தை மைத்துனர் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். யானை வரும். நீலகிரி அடிவாரம் அது, கல்லாறு வழியாக யானைகள் காலங்காலமாகக் கடக்கின்றன. இருட்டினால் தனியாக வெளியே திரியக்கூடாது. இதை அங்கே யாரும் மறக்க விடமாட்டார்கள். இன்னொன்று, இந்திய வனப்பணியில் பெண்கள் 1980-இலேயே சேர்ந்துவிட்டார்கள். அதற்கு ஒரு நடைத்தேர்வு உண்டு. பெண்கள் 4 மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும், ஆண்கள் 25. மைத்துனரை ஒருநாள் ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி ரோட்டில் 14 கிலோமீட்டர் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டாரே?

குறை இல்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் பாடம் நடத்துவார்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளை என்றால் முதல் வருஷம் திணறும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பெண், மர வளர்ப்பியல் புத்தகத்தில் பக்கத்துக்குப் பத்துச் சொல்லுக்குப் பென்சிலால் தமிழ் எழுதி வைத்திருந்தாள். இரண்டாம் வருஷம் அந்தப் பென்சில் எழுத்து குறைந்துகொண்டே வந்ததை நானே பார்த்தேன். இன்னொன்று, வீட்டு விசேஷங்களுக்கு அவள் நினைத்தபோதெல்லாம் வர முடியாது. களப்பயிற்சி என்று ஊர் ஊராகக் கூட்டிப்போவார்கள். கடைசி வருஷத்தில் வனத்துறை, மரத் தொழிற்சாலை, கிராமம் என்று தங்கிப் படிக்க வேண்டியிருக்கும். எங்கள் பையன் டேராடூன் போய்விட்டு வந்து ஒரு வாரம் வேறெதுவும் பேசவில்லை. 700 ஆண்டுக்கு மேல் வாழ்ந்த தேவதாரு மரத்தின் குறுக்குவெட்டு ஒன்று அங்கே இருக்கிறதாம். வளையங்களை விரலால் எண்ண ஆரம்பித்தவனைக் காவலாளி விரட்டியிருக்கிறார்.

சேர்த்துவிடுங்கள். ஆசைப்பட்டு எடுத்த படிப்பு, வேண்டாமென்று தடுத்து வேறெதிலாவது தள்ளினால் அந்த நாலு வருஷமும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

விடுதிக்கு என்ன வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் கொடுப்பார்கள். அதில் இல்லாத மூன்றை நான் சொல்கிறேன். கணுக்கால் மூடுகிற ஷூ, நல்ல டார்ச். மூன்றாவது, உங்கள் மண்டியில் சேருகிற பழைய பேப்பரை இந்த ஆறு மாதம் எடைக்குப் போடாதீர்கள். கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுத்தனுப்புங்கள். வகுப்பே அவளைத் தேடி வரும்.

அன்புடன்.