ஜெபம் வறண்டுபோகும்போது

அன்புள்ள ஐயா,

நான் ஞானஸ்நானம் பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் முழங்காலில் நின்றாலே கண்ணீர் பெருகும். வேதத்தைத் திறந்தால் மூட மனம் வராது. இப்போது வாய் ஜெபிக்கிறது, மனம் அசைவதில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஜெபத்தில் தாங்கள் கற்காத அந்நியபாஷை பேசுகிறார்கள், தரிசனம் கண்டதாகச் சாட்சி சொல்கிறார்கள். படுக்கையில் இருக்கும் மாமியாரை ஓராண்டாகக் கவனித்துக்கொள்வதால் (முன்பு நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது) ஜெபநேரமும் சுருங்கிவிட்டது. நான் பின்வாங்கிப் போய்விட்டேனா? சபையில் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறேன். அதற்கு எனக்குத் தகுதியில்லை என்று விலகிவிடலாமா?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் முக்கியமான செய்தியை நீங்கள் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டீர்கள். அதற்கு வருமுன் வேதத்தில் வரும் கொரிந்து சபையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

அப்போஸ்தலர் பவுல் ஒன்றரை ஆண்டு தங்கி உருவாக்கிய சபை அது. எந்த வரத்திலும் நீங்கள் குறைந்தவர்கள் அல்லர் என்று முதல் நிருபத்தின் (கடிதத்தின்) தொடக்கத்திலேயே அவர்களுக்கு எழுதுகிறார். அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், குணமாக்கும் வரம் எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் மூன்றாம் அதிகாரத்துக்கு வந்ததும் அதே மக்களைக் குழந்தைகள் என்கிறார். உங்களுக்குப் பால்தான் கொடுக்க முடிந்தது, இன்னமும் திட உணவு தாங்கமாட்டீர்கள் என்கிறார். அவர் சொல்லும் காரணம் பொறாமையும் சண்டையும். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று அணி பிரிந்து நின்றார்கள். கர்த்தருடைய பந்திக்குக் கூடிய இடத்தில் சிலர் முந்திக்கொண்டு உண்டார்கள், இல்லாதவர் பசியோடு இருந்தார். இது பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறது. வரங்களைப் பற்றிய 12, 14ஆம் அதிகாரங்களுக்கு நடுவே பவுல் அன்பைப் பற்றிய அதிகாரத்தை வைத்ததன் நியாயம் இந்தச் சண்டைகளைப் படித்தால்தான் விளங்கும்.

வரங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவை சபைக்கு ஆண்டவர் தருபவை. ஆனால் அவற்றை முதிர்ச்சியின் அளவுகோலாக்கும் வழக்கம் உங்களைப் போன்ற உண்மையான மனிதர்களை உடைத்துப்போடுகிறது. அது எனக்குக் கோபம் தருகிறது. கலாத்தியருக்கு எழுதும்போது ஆவியின் கனி என்று பவுல் சொல்லும் ஒன்பதில் நீடிய பொறுமை, தயவு, சாந்தம் போன்றவை இன்னொரு மனிதர் எதிரில் இருந்தால்தான் வெளிப்படும். பேச்சே இல்லாதிருந்த ஒருவரின் உடலை ஓராண்டாகத் துடைத்து, உணவூட்டி, இரவில் எழுந்து பார்க்கிறீர்கள். ஜெபநேரத்தைத் தின்றுவிட்டதாக நீங்கள் கணக்கெழுதிய அந்த வேலையில்தான் நீங்கள் வளர்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கண்ணீரோடு ஜெபித்த அந்தப் பெண்ணால் இதைச் செய்திருக்க முடியுமா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வறட்சி எல்லாமே ஒரே வகை அல்ல. அறிந்தே விடாமல் வைத்திருக்கும் பாவமோ, மன்னிக்க மறுக்கும் பிடிவாதமோ இருந்தால் அதை நேராகப் பார்த்து அறிக்கையிட வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது களைப்பு. சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மீண்டும் உறங்கவிட்டான், மறுபடி உண்ணச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி ஓரேப் மலையை அடைந்த பிறகுதான் வருகிறது. வீட்டில் மற்றவர்களையும் அந்தப் பணியில் பங்கெடுக்கச் சொல்லுங்கள், தூங்குங்கள்.

ஜெபத்தை விடாதீர்கள், சுருக்கிக்கொள்ளுங்கள். சொந்த வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்தால் போதும். 88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் வேதம் ஜெபமாகவே வைத்திருக்கிறது.

பொறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கத்தோலிக்கக் குரு லொயோலா இஞ்ஞாசியார் உங்கள் சபை மரபைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் ஆறுதலற்ற காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதே என்று அவர் வகுத்த நெறி எல்லோருக்கும் பயன்படும். தகுதியில்லை என்று சொல்லி விலகாதீர்கள். களைத்திருக்கிறேன் என்று போதகரிடம் சொல்லுங்கள், சில மாதங்களுக்குக் குழுவை வேறொருவர் நடத்தட்டும். நீங்கள் அங்கே போய் உட்கார்ந்து, மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்க விடுங்கள்.