போர்டு போச்சு என்றால் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: கொடைக்கானலில் கடை வைத்திருக்கிறேன். வாசலில் காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் மெஷின் ஒன்று உண்டு. மழைக்குப் பிறகு சுவிட்ச் போட்டால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. பார்க்க வந்தவர் போர்டு (ஆட்டத்தை ஓட்டும் சர்க்யூட் அட்டை) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். பழைய மெஷின்களில் தலைக்கு மேலே பெயர்ப்பலகைக்குள் எரியும் விளக்கு பெரும்பாலும் நேரே கரண்டில் ஓடுவது. போர்டைக் கேட்டு அது எரிவதில்லை. சத்தமும் இல்லாமல் அதுவும் அணைந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் கரண்ட் உள்ளேயே வரவில்லை. காசுப் பெட்டியையும் குடைய வேண்டாம். காசு விழுந்தால் ஆடுவதற்கான கிரெடிட் கணக்கை ஏற்றுவதோடு அதன் வேலை முடிந்தது.

முதலில் பின்கதவைப் பாருங்கள். பல மெஷின்களில் கதவு அழுத்தினால்தான் வேலை செய்யும் சின்ன சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்கும். மழையில் பிளைவுட் உப்பிக் கதவு முழுசாக மூடாமல் நின்றால் மெஷின் செத்தது போலத்தான் இருக்கும். கதவு சரி என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபியூஸைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்து, அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்வைக்கு நல்லதாகத் தெரிகிற ஃபியூஸும் போயிருக்கலாம். அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும், செம்புக் கம்பி சுற்றக் கூடாது. அப்புறம் பவர் சப்ளை, அதாவது வீட்டுக் கரண்டைக் குறைந்த வோல்ட்டாக்கி போர்டுக்குத் தரும் பெட்டி. போர்டுக்குப் போகும் 5 வோல்ட் வரவில்லை என்றால் மாற்ற வேண்டியது சப்ளையை, அது மலிவு.

ஒரே ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். மெஷின் ஜப்பான் சரக்கா? அங்கே வீட்டுக் கரண்டே 100 வோல்ட். பின்னால் ஒட்டிய தகட்டில் 100 என்று இருந்தால் நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தே ஆக வேண்டும். கடையைக் கழுவும்போது யாராவது அதை விட்டுவிட்டு நம் 230-இல் நேரே சொருகியிருந்தால் ஃபியூஸோடு சப்ளையும் போயிருக்கும். புது ஃபியூஸ் போட்டதும் அதுவும் படக்கென்று போகும். அப்போது மூன்றாவது ஃபியூஸ் போடாதீர்கள், நிறுத்துங்கள். பழைய மெஷினைத் தள்ளிவிடுகிறவர்கள் பில்லும் தருவதில்லை, சர்க்யூட் படமும் தருவதில்லை. எத்தனை வோல்ட் என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டக்கூடவா கை வராது?

பெட்டி டிவி போலக் குழாய்த் திரை இருந்தால், அணைத்த பிறகும் அதன் பின்பக்கம் கை வைக்காதீர்கள். உள்ளே தங்கும் மின்சாரம் ஆளைத் தூக்கி எறியும்.

"போர்டைக் கொண்டுபோய்ப் பார்த்துத் தருகிறேன்" என்பவரிடம் கொடுக்கவே வேண்டாம். மெஷினில் விலை போவதே அதுதான், நல்ல போர்டு போய்க் கழிசடை திரும்பி வருவது இந்தத் தொழிலில் சகஜம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் நம்பர் தெரியப் போட்டோ எடுத்து, அவர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.