ஒப்பிக்கத் தெரியும், எழுத வராது: ஆங்கில இலக்கணத்தை எங்கிருந்து திருப்பிப் பார்ப்பது?

கேள்வி: என் மகள் தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நவுன் என்றால் என்ன, வெர்ப் என்றால் என்ன என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். எட்டு வகைச் சொற்களையும் வரிசையாக ஒப்பிப்பாள். ஆனால் எங்கள் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதச் சொன்னால் பேனா நகர்வதே இல்லை. பள்ளி திறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. டியூஷன் வைக்க வசதி இல்லை. நானும் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள்தான். வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: கண்டிப்பாக முடியும். நீங்கள் தமிழ் வழியில் படித்ததைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு அதுதான் உங்கள் பலம். உங்கள் மகளுக்குத் தமிழ் இலக்கணம் ஏற்கனவே தெரியும். எழுவாய், பயனிலை, வேற்றுமை, எச்சம் என்று பாடத்தில் படித்திருக்கிறாள், அதைவிட முக்கியமாக, பேசும்போது தவறே இல்லாமல் பயன்படுத்துகிறாள். அதன் மேல் ஆங்கிலத்தை ஏற்றி வைத்தால் நிற்கும். தனியாக மனப்பாடம் செய்த வரையறை அப்படி நிற்பதில்லை.

முதலில் ஒன்றை அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு சொல் எந்த வகை என்பது அந்தச் சொல்லின் மேல் ஒட்டிய முத்திரை இல்லை, வாக்கியத்தில் அது செய்யும் வேலை. தமிழில் ‘படி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நன்றாகப் படி’ என்றால் வினை. ‘படியில் உட்காராதே’ என்றால் பெயர். ‘அம்மா சொன்னபடி செய்’ என்றால் இடைச்சொல். ஆங்கிலத்தில் ‘வாட்டர்’ என்பதை நவுன் என்று பட்டியலில் படித்த பிள்ளை, ‘வாட்டர் த பிளான்ட்ஸ்’ என்ற வாக்கியத்திலும் நவுன் என்றே எழுதுகிறது. அங்கே அது ‘செடிக்குத் தண்ணீர் ஊற்று’ என்ற வினை. ‘ஃபாஸ்ட்’ என்ற ஒரே சொல் ‘எ ஃபாஸ்ட் டிரெயின்’ என்பதில் பெயரடை, ‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்பதில் வினையடை, நோன்பு இருப்பதைச் சொல்லும்போது வினை. எனவே ‘இது என்ன சொல்?’ என்று கேட்காதீர்கள். ‘இந்த வாக்கியத்தில் இது என்ன வேலை செய்கிறது?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்வி மாறினாலே பாதி குழப்பம் தீரும்.

எட்டு என்ற எண்ணைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். அது மரபாக வந்த கணக்கு. பழைய கிரேக்க இலக்கணத்திலும் எட்டு உண்டு, ஆனால் அதில் பெயரடை தனி வகை இல்லை, ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தில் ‘எ’, ‘அன்’, ‘த’) தனி வகை. இன்று சில பாடநூல்கள் ஆர்ட்டிகிளையும் அதைப் போன்ற சொற்களையும் சேர்த்து ஒன்பதாவதாக ஒரு வகை சொல்கின்றன. தொல்காப்பியம் இந்த விஷயத்தில் மிக நேராகப் பேசுகிறது. சொல் என்றால் பெயரும் வினையும்தான், இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வரும் என்கிறது. நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். முதல் ஒரு வாரம் பெயரும் வினையும் மட்டும். ஆங்கிலப் பாடத்திலிருந்து தினம் ஐந்து வாக்கியம் எடுத்து, ஒவ்வொன்றிலும் முதலில் வினையைக் கண்டுபிடித்து அடிக்கோடிடச் சொல்லுங்கள். பிறகு ‘யார்?’, ‘எதை?’ என்று கேட்டுப் பெயர்களைப் பிடிக்கட்டும். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் இருக்கும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வந்துவிடும். ‘நான் மாம்பழம் சாப்பிட்டேன்’ என்பது ‘ஐ ஏட் எ மேங்கோ’ ஆகும்போது வினை நடுவுக்கு நகர்வதை அவளே கண்ணால் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ‘அவர் ஆசிரியர்’, ‘இது எங்கள் வீடு’ என்று வினையே இல்லாமல் தமிழில் முழு வாக்கியம் அமையும். பெயர்ப் பயனிலை என்று பாடத்தில் படித்ததுதான். ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது. அதனால்தான் பிள்ளைகள் ‘ஹி டீச்சர்’ என்று எழுதுகிறார்கள். ‘ஹி இஸ் எ டீச்சர்’ என்பதில் அந்த ‘இஸ்’ தமிழில் எதற்கும் நிகர் இல்லை, வாக்கியம் நிற்பதற்கான தூண் மட்டும். வினை எங்கே என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால், ‘ஆம், இஸ், ஆர்’ மூன்றில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று அவளுக்குத் தோன்ற வேண்டும்.

வினையிலேயே இன்னும் கொஞ்ச நாள் நில்லுங்கள், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். தமிழில் வழக்கமாகச் செய்வதை எதிர்கால வடிவில் சொல்கிறோம். ‘தினமும் காலையில் காபி குடிப்பேன்’, ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’. அதை அப்படியே மாற்றி ‘ஐ வில் டிரிங்க் காஃபி டெய்லி’ என்று எழுதினால் ஆங்கிலத்தில் பொருள் மாறிவிடும், இனிமேல் குடிக்கப்போகிறேன் என்று ஆகிவிடும். வழக்கத்துக்கு ஆங்கிலம் சாதாரண நிகழ்காலத்தைத்தான் எடுக்கும்: ‘ஐ டிரிங்க் காஃபி’, ‘த சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்’. அப்புறம் ‘போகிறேன்’ என்ற நம் நிகழ்காலம் இரண்டு வேலை செய்கிறது. ‘தினமும் பள்ளிக்குப் போகிறேன்’ என்றாலும் அதுவே, ‘இதோ போகிறேன்’ என்றாலும் அதுவே. எனவே எங்கும் ‘இங்’ போட்டுவிடுகிறார்கள். ஒரு சோதனை சொல்லிக்கொடுங்கள்: அந்த இடத்தில் ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்ல முடிந்தால் ‘ஐ ஆம் கோயிங்’. முடியாவிட்டால் ‘ஐ கோ’.

‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதுகிறாளா? தமிழைக் காட்டுங்கள். ‘போனேன்’ என்பதில் இறந்தகாலம் இருக்கிறது. ‘போகவில்லை’ என்பதில் ‘போக’ மட்டுமே, காலம் காட்டும் உறுப்பு அதில் இல்லை. ‘போனவில்லை’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. ஆங்கிலத்திலும் அப்படியே: ‘வென்ட்’ தனியாக வரும், ‘டிட் நாட்’ வந்துவிட்டால் வெறும் ‘கோ’ போதும்.

எஸ் எழுத்தின் தொல்லைக்கும் ஒரு வழி. பெயரோடு சேர்ந்தால் அது பன்மை, வினையோடு சேர்ந்தால் ஒருமை. ‘த பாய் ரன்ஸ்’, ‘த பாய்ஸ் ரன்’. நிகழ்காலத்தில் ஓர் எஸ் இங்கே அல்லது அங்கே இருக்கும், இரண்டு பக்கமும் இருக்காது. ‘சில்ட்ரன்’ மாதிரி எஸ் இல்லாத பன்மைகளும் ‘ஐ’, ‘யூ’, ‘வி’, ‘தே’ என்ற சொற்களும் இதற்கு விலக்கு, அவற்றைப் பாடத்தில் வரும்போது சொன்னால் போதும்.

மூன்றாம் வாரம் பெயரடை, வினையடை. இது நமக்கு இனாமாகக் கிடைத்த பாடம். ‘ஆன’ என்று முடிந்தால் பெயரடை, ‘ஆக’ என்று முடிந்தால் வினையடை. அழகான பாட்டு, ‘எ பியூட்டிஃபுல் சாங்’. அழகாகப் பாடினாள், ‘ஷி சாங் பியூட்டிஃபுலி’. நல்ல, நன்றாக என்ற இரண்டும் ‘குட்’, ‘வெல்’. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்த விதி காலை வாரும்: ‘அவள் அழகாக இருக்கிறாள்’. இங்கே தமிழில் ‘ஆக’ இருந்தாலும் ஆங்கிலத்தில் பெயரடைதான் வரும், ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்’. எந்த வேலையும் நடக்கவில்லை, அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் சொல்கிறோம். ‘லுக்ஸ்’, ‘ஸ்மெல்ஸ்’, ‘டேஸ்ட்ஸ்’ போன்றவற்றிலும், எப்படித் தெரிகிறது, மணக்கிறது, ருசிக்கிறது என்று சொல்லும்போது இதே கதை. ‘லி’ என்று முடிவதெல்லாம் வினையடை என்றும் நம்பிவிடக் கூடாது. ‘ஃப்ரெண்ட்லி’ பெயரடை. ‘ஹார்ட்’ என்றால் கடுமையாக, ‘ஹார்ட்லி’ என்றால் அநேகமாக இல்லை என்ற பொருள். ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்லி’ என்று எழுதினால் பாராட்ட நினைத்தவரைத் திட்டியதாக ஆகிவிடும்.

அடுத்த இரண்டு வாரத்தையும் ப்ரெபொசிஷனுக்கும் ஆர்ட்டிகிளுக்கும் ஒதுக்குங்கள். வாக்கியம் எழுதும்போது பேனா நின்றுபோவது பெரும்பாலும் இவற்றில்தான்.

ப்ரெபொசிஷன் செய்யும் வேலையைத் தமிழில் பெரும்பாலும் வேற்றுமை உருபு செய்கிறது. நமக்குப் பின்னால் ஒட்டும், அவர்களுக்கு முன்னால் தனியாக நிற்கும். அது சுலபம். சிக்கல் என்னவென்றால், நம் ஓர் உருபுக்கு அங்கே பல சொற்கள். ‘கு’ உருபை எடுத்து ஒரு பக்கம் முழுக்க எழுதவையுங்கள். சென்னைக்குப் போனேன் என்றால் ‘டு’. அம்மாவுக்குப் புடவை வாங்கினேன் என்றால் ‘ஃபார்’. எட்டு மணிக்கு வந்தேன் என்றால் ‘அட்’. எனக்கு இரண்டு தம்பிகள் என்றால் ப்ரெபொசிஷனே இல்லை, ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’. எனக்குப் பசிக்கிறது என்றாலும் இல்லை, ‘ஐ ஆம் ஹங்ரி’, நம் வினை அங்கே பெயரடையாகவே மாறிவிட்டது. இன்னொரு பக்கம் ‘இல்’ உருபுக்கு. பையில் இருக்கிறது, ‘இன்’. சுவரில் மாட்டியிருக்கிறது, ‘ஆன்’. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், ‘அட்’. பஸ்ஸில் வந்தேன், ‘பை’. பேனாவில் எழுதினேன், ‘வித்’. இந்த இரண்டு பக்கத்தையும் அவளே தன் வீட்டு வாக்கியங்களால் நிரப்பட்டும். அச்சடித்த பட்டியலைவிட இது பத்து மடங்கு உதவும் என்று என் வகுப்பு அனுபவத்தில் சொல்கிறேன்.

காலம் சொல்லும்போது சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகலாம். கடிகார நேரத்துக்கு ‘அட்’, கிழமைக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’. காலைக்கு ‘இன் த மார்னிங்’, இரவுக்கு மட்டும் ‘அட் நைட்’. அப்புறம், ‘பற்றி’ என்பதை எல்லா இடத்திலும் ‘அபவுட்’ ஆக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கிவிட்டது, ‘டிஸ்கஸ் அபவுட்’ தேவையில்லை.

ஆர்ட்டிகிள் தமிழில் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லாக இல்லை, ஆனால் அந்தப் பொருள் நம்மிடம் இருக்கிறது. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் என்ன வேறுபாடு என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். முதலாவது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது, நாம் முன்பே பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம். முதலாவது ‘எ புக்’, இரண்டாவது ‘த புக்’. மனிதர்களைச் சொல்லும்போது ‘ஐ’ உருபு எப்படியும் வந்துவிடும் என்பதால் பொருள்களை வைத்து மட்டும் இதைப் பழக்குங்கள். ‘எந்தப் புத்தகம்?’ என்பதற்குப் பதில், நாம் சொல்வதைக் கேட்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால் ‘த’, இல்லாவிட்டால் ‘எ’.

‘எ’ வருமா ‘அன்’ வருமா என்பது நம் ‘ஒரு மரம், ஓர் ஊர்’ கணக்கேதான். ஆங்கில எழுத்தைப் பார்க்காமல், அடுத்த சொல்லை உச்சரிப்பது போலத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் ‘அன்’. மணியைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்தில் எச் எழுத்தில் தொடங்கினாலும் ஒலி ‘அவர்’, எனவே ‘அன்’. ‘யூனிவர்சிட்டி’ யூ என்ற உயிர்மெய்யில் தொடங்குகிறது, எனவே ‘எ’. ‘எம்.எல்.ஏ.’ என்றால் ‘அன்’. இரண்டு சொற்களில் நம் உச்சரிப்பு ஏமாற்றும். ‘ஒன்’ என்று நாம் எழுதுவதன் சரியான ஒலி ‘வன்’, ‘இயர்’ என்பதன் சரியான ஒலி ‘யியர்’. ‘எ ஒன் ருபி காயின்’, ‘எ இயர்’ என்றே எழுத வேண்டும். ‘அன் இயர்’ என்றால் ஒரு காது!

மற்ற மூன்று வகைகளுக்கு அதிக நாள் வேண்டாம். ப்ரோநவுனில் ‘ஐ’, ‘மி’ இரண்டையும் நான், என்னை என்று பொருத்தினால் பாதி முடிந்தது. இணைப்புச் சொல்லான கன்ஜங்ஷனில் ‘தோ’ போட்டால் அதே வாக்கியத்தில் ‘பட்’ போடக் கூடாது, ‘மழை பெய்தாலும்’ என்று தொடங்கிய பிறகு நாமும் ‘ஆனால்’ போடுவதில்லையே. ‘ஐயோ’, ‘அடடா’ மாதிரியான இன்டர்ஜெக்ஷனுக்கு ஐந்து நிமிடம்.

ஆறாவது வாரம் முழுக்க எழுதுவதுதான் வேலை. இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். அன்று வீட்டில் நடந்ததை அவள் ஐந்து தமிழ் வாக்கியங்களில் சொல்லட்டும், பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். நீங்கள் திருத்த வேண்டியதுகூட இல்லை. வினை எங்கே, இந்த ‘கு’ என்ன ஆனது, இந்தப் பெயருக்கு ‘எ’வா ‘த’வா என்று கேள்வி மட்டும் கேளுங்கள். தவறைப் பெரும்பாலும் அவளே பிடித்துவிடுவாள். பிடிக்காதவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்து, பள்ளி திறந்ததும் ஆங்கில ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஊரைப் பற்றிய அந்த ஐந்து வரியை இப்போதே கேட்க வேண்டாம். இன்று இரவு ஒரு வாக்கியம் போதும். சாப்பிட்டு முடித்ததும் ‘அம்மா எனக்குத் தோசை சுட்டாள்’ என்பதைக் கொடுத்து, வினை எது, யார், எதை, அந்த ‘கு’ இங்கே ‘டு’வா ‘ஃபார்’ஆ என்று இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள்.