விமான நிலைய முனையத்தின் வடிவமைப்பு ஒரு நடுத்தர நகரத்துக்குக் கிடைக்கும் விமானச் சேவைகளைப் பாதிக்குமா?

பாதிக்கும். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி விமான நிலையத்தைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1972இல் திறக்கப்பட்ட பழைய நிலையத்தில் குதிரை லாட வடிவில் மூன்று முனையங்கள் இருந்தன. காரிலிருந்து இறங்கினால் சுமார் 75 அடி தூரத்தில் கேட் (விமானத்தில் ஏறும் வாயில்) வந்துவிடும். அங்கே தன் ஹப்பை, அதாவது பயணிகள் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிச் செல்லும் மையத்தை, நடத்த விரும்பிய டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனம் விரும்பிக் கேட்ட அமைப்பு இது. ஆனால் விமானக் கடத்தல்கள் பெருகியதால், 1973 ஜனவரியிலேயே பயணிகள் அனைவரையும் சோதிப்பது கட்டாயமாயிற்று. பொதுவான நுழைவாயில் இல்லாத அந்தக் கட்டடத்தில், சில கேட்களுக்கு ஒன்று என்ற கணக்கில் தனித்தனிச் சோதனைச் சாவடிகளை வைக்க வேண்டியிருந்தது. சோதனை முடித்து உள்ளே சென்ற பிறகு கழிவறையைத் தேடி வெளியே வந்து, பெல்ட்டையும் காலணியையும் மறுபடி கழற்றி வைத்த அனுபவம் எனக்கும் உண்டு.

உள்ளூர்ப் பயணிக்கு இது வெறும் எரிச்சல்தான். விமானம் மாறிச் செல்பவருக்கோ, வெளியேறி, தேவைப்பட்டால் பேருந்தில் அடுத்த முனையத்துக்குப் போய், மீண்டும் வரிசையில் நிற்கும் வேலை. நீண்ட தூர விமானத்தை நாள்தோறும் நிரப்பும் அளவுக்குச் சொந்த மக்கள்தொகை இல்லாத ஊரில், மிச்ச இருக்கைகளை நிரப்புபவர்கள் இந்த மாறிச் செல்லும் பயணிகளே. முனையங்களைத் திருத்திக் கட்டித் தருமாறு டி.டபிள்யூ.ஏ. கேட்டது, நகரம் மறுத்தது, 1980களின் தொடக்கத்தில் ஹப் செயின்ட் லூயிஸுக்குப் போய்விட்டது.

இதை வைத்து, கட்டடம் கட்டினால் விமானம் தானாக வரும் என்றும் சொல்லிவிட முடியாது. 1992இல் யூஎஸ்ஏர் நிறுவனத்தின் ஹப்புக்கென்றே முனையம் கட்டிய பிட்ஸ்பர்க், 2004இல் அந்த ஹப்பை இழந்து, காலியான கேட்களோடும் கடனோடும் நின்றது.

கான்சஸ் சிட்டியில் சுமார் 150 கோடி டாலர் செலவில் 39 கேட்கள் கொண்ட ஒரே முனையம் 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இப்போது ஒரே சோதனைக் கூடத்தைக் கடந்தால் எந்தக் கேட்டுக்கும் நடந்தே போகலாம். புதிதாக வரும் நிறுவனத்துக்கு இடம் ஒதுக்குவதும் எளிது. ஆனாலும் பெரிய நிறுவனங்களின் ஹப்கள் டல்லாஸிலும் சிகாகோவிலும் டென்வரிலும் வேரூன்றிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்னைக்குப் போக நான் இன்றும் சிகாகோவில் ஒரு முறையும், லண்டனிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ இன்னொரு முறையும் விமானம் மாறுகிறேன்.