கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு நிறங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வீடு முழுக்க இரண்டு, மூன்று நிறங்களை மட்டுமே குறிப்பிட்ட விகிதத்தில் பயன்படுத்துவதைத்தான் நிறத் திட்டம் என்கிறோம். விகிதம்தான் இதில் முக்கியம். எல்லா நிறமும் சம அளவில் இருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். சட்டை, பேன்ட், பெல்ட் மூன்றுமே பளிச்சென்று இருந்தால் எப்படியோ, அப்படித்தான்.

கிறிஸ்துமஸ் மரத்தில் 50 பந்துகள் தொங்கவிடுகிறீர்கள் என்றால் 30 முதன்மை நிறம், 15 துணை நிறம், 5 மட்டும் மினுமினுப்பு. மரத்தின் பச்சை ஏற்கெனவே ஒரு நிறம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதில் பச்சைப் பந்து தொங்கவிட்டால் இலைக்குள் காணாமல் போய்விடும், காசுக்குக் கேடு. சுவர், திரைச்சீலை, சோபா நிறங்களையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அவற்றை மாற்றப் போவதில்லையே!

அதிகம் சொதப்புவது விளக்கில்தான். சிவப்பும் தங்கமும் 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) வரையிலான மஞ்சள் கலந்த வெள்ளை ஒளியில்தான் எடுபடும். 6000 கெல்வினில் வரும் நீலம் கலந்த வெள்ளையில் தங்கம் வெளிறிப்போகும். அந்த ஒளி வெள்ளிக்கும் நீலத்துக்கும் பொருந்தும். ஒரே மரத்தில் இரண்டு வகை வெள்ளை விளக்குகளைக் கலந்தால், ஒன்று பழசானது போலத் தெரியும். பல நிற விளக்கு என்றால் பந்துகள் ஒரே நிறத்தில் இருப்பது நல்லது. வாங்கும் முன் ஒரு பந்தை அந்த விளக்கின் கீழ் இரவில் பிடித்துப் பாருங்கள்.

சிவப்பும் பச்சையும் இல்லாவிட்டால் கிறிஸ்துமஸே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் கத்தோலிக்க வழிபாட்டில் கிறிஸ்துமஸ் காலத்தின் நிறம் வெள்ளை.