பேரரசியின் எழுத்து: கேள்வி பதில்

கேள்வி: சீனப் பேரரசி வூ ஸெதியேன் தனக்குச் சூட்டிக்கொண்ட 'ஜாவ்' என்ற பெயரின் எழுத்துக்கு என்ன பொருள்?

பதில்: ஒளிர்தல். அதே ஒலியும் பொருளும் உள்ள எழுத்து ஏற்கெனவே இருந்தது. அது போதாதென்று 689இல் இதைப் புதிதாக உருவாக்கினார்கள். மறு வருடம் அவர் அரியணை ஏறினார். மேலே இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் நிலா, அடியில் வானம். மேலே 8 கோடு, கீழே 8 கோடு. தூரிகையால் எழுதும்போது வானத்தைக் கொஞ்சம் அகட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் தலை கனத்துவிடும். ஆள்பவர் பெயரைப் பிறர் சொல்லக் கூடாது என்பது வழக்கம்; அரசாணையைக் குறித்த சொல்லும் 'ஜாவ்' என்றே ஒலித்ததால், அந்தச் சொல்லையே மாற்றிவிட்டார்கள்.

கேள்வி: அடியில் இருப்பது சூனியம், அதாவது வெறுமை இல்லையா?

பதில்: அந்த எழுத்துக்கு இரண்டு பொருளும் உண்டு. பேரரசி பௌத்தத்தின் புரவலர் என்பதால் சூனியம் என்பவர்கள் இருக்கிறார்கள். சூரியனும் நிலாவும் மேலே இருக்க, எனக்கு அது வானம்தான்.

கேள்வி: சீன எழுத்தெல்லாம் படம்தானே?

பதில்: இல்லை. பெரும்பாலானவற்றில் ஒரு பகுதி பொருளையும் இன்னொன்று ஒலியையும் காட்டும். படத்தைப் பார்த்துப் பொருள் சொல்லாதீர்கள்.

கேள்வி: என் பெயரை இதே மாதிரி படமாக்கிப் பச்சை குத்தலாமா?

பதில்: வேண்டாம். காரணம் முந்தைய பதிலில்.

கேள்வி: கொரியாவின் புல்குக்சா கோயில் கற்கோபுரத்தில் 1966இல் கிடைத்த பௌத்தச் சூத்திர அச்சுச் சுருளில், 'ஜாவ்' போலப் பேரரசி காலத்தில் புதிதாக உருவாக்கிய எழுத்துகள் உள்ளன. 705இல் அவை கைவிடப்பட்டன. அப்படியானால் சுருள் அதற்கு முன் சீனாவில் அச்சானதுதானே?

பதில்: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஓர் எழுத்து இருந்தால், அது பிறந்த பிறகு எழுதியது என்று மட்டும் சொல்லலாம். எங்கே, எத்தனை காலம் கழித்து என்று அது சொல்லாது. அந்தச் சூத்திரத்தைச் சீனத்தில் பெயர்த்ததே அவர் ஆட்சியின் கடைசியில்தான். மூலப்படியில் இருந்ததை, பிறகு எங்கோ உட்கார்ந்து பிரதி எடுத்தவர் அப்படியே எழுதியிருக்கலாம்.

கேள்வி: தடைசெய்த எழுத்தை யார் எழுதுவார்?

பதில்: சீனாவில்தானே கைவிட்டார்கள்? ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டில் தொகுகவா மிட்சுகுனி என்ற பிரபு, பேரரசி காலத்து 'நாடு' எழுத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டார். பெட்டிக்குள் 'எட்டு', 'திசை' என்று இரண்டு எழுத்துகள். கிட்டத்தட்ட ஆயிரம் வருடம் கழித்து!

கேள்வி: அது ஒரே ஒரு பெயர். சுருள் சீனாவுடையதுதான்.

பதில்: இருக்கலாம். காகிதத்தை, மையை, உடன் கிடைத்தவற்றை வைத்து வாதாடுங்கள், கேட்கிறேன். இந்த எழுத்துகளை மட்டும் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

கேள்வி: சூரியன், நிலா படம் போட்டால் 'ஜாவ்' ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. மூன்றாவது பதிலை மறுபடி படியுங்கள்.