கருகின சட்டியும் இடது கையும்

பிள்ளைகளின் புறப்பாட நடவடிக்கை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி பெங்காகாப் பற்றித்தான், அதாவது சாரணர் இயக்கம். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு. பெங்காகாப்பில் சேரப் பாரம் கொண்டுவந்திருக்கிறான். வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட் வேலை, நாங்கள் இருப்பது தோட்டத்துக்குள்ளே. செலவு நிறைய ஆகுமா? நாங்கள் என்னென்ன செய்ய வேண்டி வரும்? (ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: செலவைவிட வண்டிதான் பிரச்சினைம்மா, அதை முதலில் பேசிவிடுவோம். பள்ளி பஸ் மதியமே போய்விடும், பயிற்சி முடிவதற்குள் மூன்று, மூன்றரை ஆகிவிடும், அதற்கப்புறம் டவுனிலிருந்து தோட்டத்துக்கு யார் கூட்டிக்கொண்டு வருவது? நான் இருபது வருஷம் ஒரு தோட்டப் பள்ளியில் பெங்காகாப் நடத்தினவன். பாதியில் நின்றுபோன பிள்ளைகளில் ஆசை குறைந்து நின்றவர்கள் கொஞ்சம்தான், திரும்பிப் போக வழியில்லாமல் நின்றவர்கள்தான் அதிகம். உங்கள் லயத்திலிருந்தே இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்திருப்பார்கள். அந்தப் பெற்றோரிடம் பேசி இந்த வாரம் நீங்கள், அடுத்த வாரம் அவர்கள் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளையை ஏற்றிக்கொண்டு வருகிற வேலை மட்டும் வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் சந்தா, சீருடை, கழுத்தில் கட்டுகிற ஸ்கார்ப், அப்புறம் முகாம் வந்தால் அதற்கு ஒரு தொகை. சீருடையை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், ஆறாம் ஆண்டு வரைக்கும் தாங்கும். அதைவிட நல்ல வழி, போன வருஷம் ஆறாம் ஆண்டு முடித்த பையனின் அம்மாவைக் கேட்பது, பெட்டியில் மடித்துதான் வைத்திருப்பார். காசு முடியவில்லை என்றால் ஆசிரியரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நாங்கள் பழைய சீருடைகளை அலமாரியில் சேர்த்து வைப்பதே இதற்காகத்தான்.

செய்ய வேண்டியது என்று கேட்டீர்களே, நிறையவெல்லாம் இல்லை, செய்யாமல் இருக்க வேண்டியதுதான் நிறைய. ஆரம்பப்பள்ளிப் பிரிவில் படிப்படியாகத் தேறிப் போனால் கெரிஸ் காங்சா, பெராக், எமாஸ் (வெண்கலம், வெள்ளி, தங்கம்) என்று மூன்று விருது இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பையன் தானே சில வேலைகளைச் செய்துகாட்ட வேண்டும். இங்கேதான் நம் அம்மாக்கள் கெடுத்துவிடுகிறார்கள். பேட்ஜை இவர்களே தைத்துக் கொடுப்பார்கள், பையை இவர்களே அடுக்குவார்கள், முகாமில் வந்து நிற்கிற பையனுக்குத் தன் டார்ச் லைட் எந்தப் பையில் இருக்கிறது என்றே தெரியாது, ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் கொட்டித் தேடிக்கொண்டிருப்பான். ஊசியையும் நூலையும் அவன் கையில் கொடுத்துவிடுங்கள். கோணலாகத்தான் வரும். வரட்டும்.

முடிச்சுப் போடப் பழகுகிற காலத்தில் உங்கள் வீட்டுத் துணி காயப்போடுகிற கயிறு காணாமல் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். புக்கு சிலா, சிம்புல் மானுக் என்று ஏதோ சொல்லிக்கொண்டு நாற்காலிக் காலில் கட்டி வைப்பான். அவன் தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் மாடு வளர்த்தவர்களாக இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். முளையில் மாடு கட்டினவர்களுக்கு அதில் பாதி முடிச்சு பெயர் தெரியாமலே கைவந்திருக்கும்.

கேள்வி: பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் இடது கையை நீட்டுகிறான், கை குலுக்கவாம். சாப்பிடுகிற கை எது, மற்ற கை எது என்று சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளை. இதுவா மரியாதை? (ஒரு தாத்தா)

பதில்: ஐயா, கோபப்படாதீர்கள், அது அவர்கள் வழக்கம். உலகம் முழுக்கச் சாரணர்கள் தங்களுக்குள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். ஆப்பிரிக்க வீரன் ஒருவன் இடது கையில் பிடித்திருந்த கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை நீட்டினான், உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று காட்டுவதற்காக என்று ஒரு கதை சொல்வார்கள், கதைதான். என் அம்மாவிடமும் நான் இதே திட்டு வாங்கியிருக்கிறேன். பேரனிடம் இப்படிச் சொல்லுங்கள்: "சாரணன்கிட்ட இடது கை, தாத்தாகிட்ட ரெண்டு கையும் கூப்பி வணக்கம்." பத்து வயசுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

கேள்வி: உறுதிமொழியில் கடவுள் என்று வருகிறதாமே. வேறு மதத்துப் பக்கம் இழுத்துவிடுவார்களோ என்று என் மாமியார் பயப்படுகிறார். (ஒரு மருமகள்)

பதில்: கடவுளுக்கும் மாமன்னருக்கும் நாட்டுக்கும் உள்ள கடமை, பிறருக்கு உதவுவது, சாரணர் சட்டத்தின்படி நடப்பது. உறுதிமொழியின் மூன்று பகுதி இவைதான். சல்யூட்டில் மூன்று விரல் நிமிர்ந்து நிற்பதும் இதற்காகத்தான். கடவுள் என்பது அவரவர் கடவுள். உங்கள் பிள்ளைக்கு முருகன் என்றால் முருகன். மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: முகாமுக்கு அனுப்ப மனசே வரவில்லை. ஆறு, காடு, மழை, சாப்பாடு, எதை நினைத்தாலும் பயம். (தாப்பாவிலிருந்து ஒரு தாய்)

பதில்: நீங்கள் சொன்னதில் ஆற்றுக்கு மட்டும் நிஜமாகவே பயப்படலாம். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் திடீரென்று ஏறி வரும், கெபாலா ஆயர் என்கிறோமே அதுதான். லாத்தா கிஞ்சாங் அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாங்களே ஒருமுறை மணல் மேடு பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஆற்றோரமாகக் கூடாரம் போட்டுவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி மேட்டுக்கு ஏற்றினோம், இரண்டு சட்டியும் ஒரு ஜோடி சப்பாத்தும் ஆற்றோடு போயின. தப்பு எங்களுடையது. அதனால் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்: கூடாரம் ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், மழை வந்தால் எந்தக் கட்டடத்துக்குப் போவார்கள், ராத்திரி எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள். எந்த நேரத்திலும் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் தனியாக இருக்கும்படி விடக்கூடாது, இதை நேராகவே கேட்கலாம். நல்ல தலைவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், முகம் சுளித்தால் யோசியுங்கள்.

அட்டை கடிக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. பால்மரம் வெட்டப்போன நம் பாட்டிகள் அதோடேயே வாழ்ந்தவர்கள். முகாம் முடிந்து வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மட்டும் கிளினிக்கில் "ஆத்துத் தண்ணியில இறங்கினான் டாக்டர்" என்று மறக்காமல் சொல்லுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருகிற காய்ச்சல் ஒன்று இருக்கிறது, டிங்கி என்று மட்டும் நினைத்துக்கொண்டு இருந்துவிடக்கூடாது.

சாப்பாடு குழுவுக்குக் குழு அவர்களே சமைப்பது. மாட்டிறைச்சி சாப்பிடமாட்டான், வெள்ளிக்கிழமை சைவம் என்றால் பாரத்திலேயே எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துபோகும். முதல் நாள் சோறு கருகும், அது நிச்சயம். விறகடுப்பில் வைத்த சட்டியின் கரியைத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளைகள் அழாத குறையாக உட்கார்ந்திருப்பார்கள். அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் சட்டியின் வெளிப்பக்கம் சோப்பைப் பூசிவிட்டால் கரி சுலபமாகப் போய்விடும் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்போம். ஒரு வருஷம் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "எங்க பாட்டி சாம்பலைக் கரைச்சுப் பூசுவாங்க சிகு (ஆசிரியரைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்), சோப்பு எதுக்குக் காசு?" என்று கேட்டாள். அன்றைக்கு நான்தான் பாடம் படித்தேன்.

கேள்வி: மகன் இடைநிலைப்பள்ளி இரண்டாம் படிவம். டியூஷன் நேரம் இடிக்கிறது, பெங்காகாப்பை நிறுத்திவிடலாமா? (ஒரு தந்தை)

பதில்: சீருடை இயக்கம் ஒன்றில் எப்படியும் இருந்தாக வேண்டும் ஐயா, இதை விட்டால் இன்னொன்றில் புதிதாகத் தொடங்க வேண்டி வரும். பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்து, பதவியையும் வருகையையும் பார்த்து வருவது. வருஷா வருஷம் மாறிக்கொண்டிருந்தால் குழுத் தலைவன் பதவி எப்படி வரும்? பெங்காகாப் ராஜா என்கிற உச்ச விருது வரைக்கும் போகிறவன் அதிகம் இல்லை, போனால் பெரிய விஷயம்தான். ஆனால் மார்க்குக்காக மட்டும் பிடித்து வைக்காதீர்கள், அவனைக் கேளுங்கள். டியூஷன் ஆசிரியரிடம் நேரத்தை அரை மணி தள்ளிப்போடச் சொல்லிப் பார்த்தீர்களா? பலர் அதைக் கேட்பதே இல்லை.

கேள்வி: என் மகளும் பெங்காகாப்தான் வேண்டும் என்கிறாள். பெண்பிள்ளைகளைச் சேர்ப்பார்களா? (ஒரு தாய்)

பதில்: சேர்ப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கென்றே துனாஸ் புத்ரி என்ற சீருடை இயக்கம் இருக்கிறதே என்று பள்ளியில் சொன்னால், இரண்டுமே நல்லதுதான், பிள்ளையின் தோழிகள் எதில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேலே சாம்பல் கதை சொன்னேனே, அவள் பெங்காகாப்தான்.